குன்டுன்சே டிஷ்ஷும் ஒரு தப்புக் கணக்கும்

சென்ற இதழில் கானா நாட்டின் ரேடியோ தொலைநோக்கியைப் பற்றி வந்த கட்டுரைக்கு மேற்பூச்சு ஏழைகள் மீதான அக்கறை. லேசாகச் சுரண்டினாலே உள்ளே இருக்கும் இளக்காரம் தெரிந்துவிடுகிறது. குடிநீரும் மின்சாரமும் ஒழுங்காக இல்லாத நாடு நட்சத்திரத்தை எட்டிப் பார்க்கக் கிளம்பிவிட்டதாம். அதுவும் யாரோ கழித்துப்போட்ட காயலான் கடை டிஷ்ஷை வைத்துக்கொண்டு. அதில் கிடைக்கும் தரவுகூடக் கானாவுக்கு இல்லையாம், ஐரோப்பாவுக்குப் போய்விடுமாம். விண்வெளியிலேயே தொலைநோக்கிகள் சுற்றும் காலத்தில் தரையில் எதற்கு இவ்வளவு இரும்பு என்றும் ஒரு கேள்வி. கடைசிப் பத்தியில் இந்தியாவையும் இழுத்துவந்து, ஸ்கா என்னும் பன்னாட்டு ரேடியோ தொலைநோக்கிக்கு நாம் ஒதுக்கிய 1,250 கோடி ரூபாயும் இதே வகை ஊதாரித்தனம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

நடை நன்றாக இருக்கிறது. விவரம்தான் இல்லை. ஏழ்மை என்ற சொல்லை ஆறேழு இடத்தில் தூவிவிட்டால் வாசகர் எதிர்க்கேள்வி கேட்கக் கூச்சப்படுவார் என்பது கட்டுரையாளரின் நம்பிக்கை. எனக்கு அந்தக் கூச்சம் இல்லை.

அந்த டிஷ்ஷின் கதையை அவர் சொல்லவே இல்லை. நான் சொல்கிறேன். தலைநகர் அக்ராவுக்கு வடமேற்கே குன்டுன்சே என்று ஓர் ஊர். செயற்கைக்கோள் வழியாக வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகளை அனுப்பவும் வாங்கவும் 1981-இல் அங்கே 32 மீட்டர் விட்டத்தில் ஓர் ஆன்டெனாவை நிறுத்தினார்கள். பிறகு கடலடியில் கண்ணாடி இழைக் கேபிள் வந்தது. ஆப்பிரிக்கா முழுக்க இப்படிப்பட்ட டிஷ்களுக்கு வேலை போயிற்று. குன்டுன்சேயின் டிஷ்ஷும் சும்மா நின்றது. கென்யாவின் லொங்கொனோட், ஜாம்பியாவின் ம்வெம்பேஷி, மடகாஸ்கரின் அரிவோனிமாமோ என்று இன்னும் பல இடங்களில் இதே நிலைமை.

இவற்றைப் பிரித்து எடைக்குப் போடலாம். அல்லது தென்னாப்பிரிக்காவின் ஹார்டிபீஸ்ட்ஹூக் ஆய்வகத்தைச் சேர்ந்த மைக்கேல் கேலார்ட் போன்றவர்கள் யோசித்ததைப்போல, எல்லாவற்றையும் ரேடியோ தொலைநோக்கிகளாக மாற்றி ஒரே வலைப்பின்னலில் சேர்க்கலாம். தூரத்து டிஷ்களைச் சேர்த்துப் பார்க்கும் முறைக்கு விஎல்பிஐ என்று பெயர், ஆப்பிரிக்க விஎல்பிஐ வலைப்பின்னல் என்ற திட்டத்தின் கரு அதுதான். வோடஃபோன் கானா நிறுவனம் டிஷ்ஷை அரசிடம் ஒப்படைத்தது. கானாவின் விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் தென்னாப்பிரிக்காவின் ஸ்கா அமைப்பும் சேர்ந்து அதை மாற்றியமைத்தன. 2017 ஆகஸ்ட் 24 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் நானா அகுஃபோ-ஆடோ திறந்துவைத்தார். அதற்கு முன்பே அந்த டிஷ் மெத்தனால் மேசர்களையும் பல்சார் என்னும் துடிக்கும் விண்மீனையும் கண்டுவிட்டது. மற்ற நாட்டுத் தொலைநோக்கிகளோடு இணைந்து பார்க்கும் சோதனையும் நடந்துவிட்டது. பெருநிறை நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்களில் மெத்தனால் மூலக்கூறுகள் 6.7 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பளிச்சென்று ஒளிரும். அந்த ஒளிர்வுதான் மேசர். அதைப் பிடித்த டிஷ்ஷைத்தான் நம்மவர் காயலான் கடைச் சரக்கு என்கிறார்.

பழைய டிஷ்ஷை வாங்கினால் கௌரவக் குறைச்சல் என்ற இந்த எண்ணம் எங்கிருந்து வந்ததோ! ஆஸ்திரேலியாவின் செடுனாவில் டாஸ்மேனியா பல்கலைக்கழகம் இயக்கும் 30 மீட்டர் தொலைநோக்கி, டெல்ஸ்ட்ரா தொலைபேசி நிறுவனம் கைவிட்டது. நியூசிலாந்தின் வார்க்வொர்த்தில் இருக்கும் 30 மீட்டர் டிஷ்ஷும் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்ததுதான். ஜப்பானின் யாமகுச்சியில் 32 மீட்டர் டிஷ், அதே கதை. ஆஸ்திரேலியாவும் ஜப்பானும் செய்தால் சிக்கனம், கானா செய்தால் பிச்சை. இந்த அளவுகோலை என்னவென்று சொல்வது?

இன்னும் சொல்லப்போனால், ஹார்டிபீஸ்ட்ஹூக்கின் 26 மீட்டர் தொலைநோக்கியே நாசா விட்டுப்போனது. 1961-இல் விண்கலங்களைத் தொடர நாசா கட்டியது, 1970-களின் நடுவில் அவர்கள் விலகியதும் தென்னாப்பிரிக்காவின் வானியலாளர் கைக்கு வந்தது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் விஎல்பிஐ வேலையைப் பல்லாண்டுகள் தனியாளாகச் சுமந்தது அந்தப் 'பழைய இரும்பு'தான்.

நம் ஊர்க் கதைக்கும் வருவோம், அவரே இந்தியாவை இழுத்ததால். 1950-களில் கோவிந்த் ஸ்வரூப் என்னும் இளைஞர் ஆஸ்திரேலியாவுக்குப் பயிற்சிக்குப் போனார். சிட்னி அருகே பாட்ஸ் ஹில் என்ற இடத்தில் சூரியனைப் பார்க்க வைத்திருந்த 32 சிறு டிஷ்கள், ஒவ்வொன்றும் 6 அடி விட்டம், வேலை முடிந்து கழிக்கப்படவிருந்தன. எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டார். கொடுத்தார்கள். அவற்றை வைத்துத்தான் 1965-இல் பம்பாய் அருகே கல்யாணில் சூரியனை ஆராயும் தொலைநோக்கி எழுந்தது. நாட்டில் ரேடியோ வானியல் காலூன்றியது அங்கேதான். இப்போது கானாவைப் பார்த்துச் சிரிக்கும் கட்டுரையாளர், கல்யாணைப் பார்த்தும் சிரிக்க வேண்டும். அல்லது இரண்டுக்கும் சேர்த்து வாயை மூட வேண்டும்.

பழைய டிஷ்ஷைத் தொலைநோக்கியாக்குவது பெயின்ட் அடித்து ரிப்பன் வெட்டும் வேலை என்று அவர் நினைத்திருக்கலாம். தொலைபேசி டிஷ்ஷுக்கு வானத்தில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் உத்தியோகம். செயற்கைக்கோள் நகர்வதற்கேற்ப அது கொஞ்சம் அசைந்தால் போதும். தொலைநோக்கிக்கு அது போதாது. வானத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் திரும்ப வேண்டும், பூமி சுழலச் சுழல ஒரு புள்ளியை விடாமல் துரத்த வேண்டும். எனவே மோட்டார்கள், பல்சக்கரங்கள், கட்டுப்பாட்டுக் கணினி எல்லாவற்றையும் மறுபடி பார்த்தாக வேண்டும். கடல் பக்கம் இருக்கும் நாடு, துரு வேறு. 6.7 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் நாலரை சென்டிமீட்டர். 32 மீட்டர் அகலமுள்ள உலோகப் பரப்பு அதற்குச் சில மில்லிமீட்டர்கூடக் கோணக்கூடாது. குன்டுன்சே டிஷ்ஷில் ஒரு வசதி உண்டு. பிடித்த அலை கண்ணாடி கண்ணாடியாகப் பட்டுத் திரும்பி, அடியில் இருக்கும் அறைக்கே இறங்கி வந்துவிடும். அலைவாங்கியைக் கழற்றி மாட்ட யாரும் உச்சிக்கு ஏற வேண்டாம். அந்த அறையில் நின்று கருவியைக் கழற்றி, ஏன் இரைச்சல் வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்த கானா நாட்டு இளைஞர்களுக்கு அது புதிய வேலை. தென்னாப்பிரிக்கப் பொறியாளர்களோடு தோளோடு தோள் நின்று கற்றார்கள்.

மின்வெட்டைக் குத்திக்காட்டியிருக்கிறார். கானாவில் அதற்கு 'தும்சோர்' என்று பேரே உண்டு, அணைந்து எரிவது என்று பொருள். நம் ஊரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் போன காலம் இவருக்கு மறந்துவிட்டது போலும். அந்தக் காலத்தில் கல்லூரிகளில் இயற்பியல் துறையை மூடச் சொல்லி இவர் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

இனி அந்த ஐரோப்பாக் குற்றச்சாட்டு. இதில்தான் அவர் தலைகுப்புற விழுகிறார். கானாவில் தரவைச் சேகரித்து நெதர்லாந்துக்கு ஏற்றுமதி செய்கிறார்களாம். கோகோ போனது, தங்கம் போனது, இப்போது விண்மீன் ஒளியும் போகிறது என்று கண்ணீர் மல்க ஒரு வரி வேறு.

விஎல்பிஐ என்றால் என்னவென்று ஒரு பத்தி படித்திருந்தால் இந்த வரியை எழுதியிருக்க மாட்டார். ஒரு தொலைநோக்கி எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் என்பது அதன் விட்டத்தைப் பொறுத்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விட்டத்தில் டிஷ் கட்ட முடியாது. ஆகவே ஒரே நேரத்தில் ஒரே பொருளை வெவ்வேறு கண்டங்களில் உள்ள டிஷ்கள் பார்க்கின்றன. ஒவ்வொரு நிலையமும் வந்த அலையை அணுக் கடிகாரத்தின் நேர முத்திரையோடு பதிவுசெய்கிறது. பிறகு எல்லாப் பதிவுகளையும் ஒரே இடத்தில் வைத்து, கோரிலேட்டர் என்னும் சிறப்புக் கணினியில் ஒன்றோடொன்று பொருத்துகிறார்கள். ஒரு விபத்தைப் பார்த்த ஐந்து ஊர்ச் சாட்சிகளை ஒரே நீதிமன்றத்துக்கு வரவழைப்பது போல. சாட்சி அவரவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து பேசினால் வழக்கு எப்படி நடக்கும்?

நெதர்லாந்தின் ட்விங்கலோவில் இருக்கும் ஜைவ் நிறுவனம் அப்படி ஒரு பொருத்தும் இடம். ஐரோப்பிய வலைப்பின்னலின் பதிவுகள் அங்கே போகின்றன. ஜெர்மனியின் எஃபெல்ஸ்பெர்க்கில் 100 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, அதன் பதிவும் போகிறது. ஜெர்மனியைச் சுரண்டிவிட்டார்கள் என்று பெர்லினில் யாரும் ஊர்வலம் போகவில்லை. எம்87 கருந்துளையின் படம் 2019 ஏப்ரலில் வெளிவந்ததே, அதை எடுத்த வலைப்பின்னலைச் சேர்ந்த தென்துருவத் தொலைநோக்கியின் ஹார்ட் டிஸ்க்குகள் குளிர்காலம் முழுக்க அங்கேயே காத்துக்கிடந்து, விமானம் பறக்கத் தொடங்கிய பிறகுதான் பொருத்தும் மையங்களுக்கு வந்தன. அமெரிக்காவில் ஒரு மையம், ஜெர்மனியில் ஒன்று. அமெரிக்கர் நடத்தும் தொலைநோக்கியின் பதிவு ஜெர்மனிக்குப் போனது. ஜெர்மானியர் நடத்தும் தொலைநோக்கியின் பதிவு அமெரிக்காவுக்குப் போனது. யார் யாரைச் சுரண்டினார்கள்?

ஒற்றை நிலையத்தின் பதிவு தனியாக இருந்தால் விஎல்பிஐயில் அதற்கு மதிப்பே கிடையாது. ஆகவே கொண்டுபோய்விட்டார்கள் என்ற புலம்பலுக்கு இடமில்லை. ஐரோப்பிய வலைப்பின்னலில் நேரம் கேட்க விண்ணப்பிப்பவரின் தேசம் எது என்று யாரும் பார்ப்பதில்லை, விண்ணப்பத்தின் தரத்தைத்தான் பார்ப்பார்கள். அந்தத் தரத்தில் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள் கானாவில் இருக்க வேண்டும். டிஷ் ஒன்று இல்லாமல் அப்படிப்பட்ட ஆட்கள் எப்படி உருவாவார்கள்?

வலைப்பின்னலுக்குக் கானா ஏன் தேவை என்பதையும் அவர் தொடவில்லை. வரைபடத்தைப் பிரித்துப் பார்க்கட்டும். எஃபெல்ஸ்பெர்க்கிலிருந்து ஹார்டிபீஸ்ட்ஹூக் சுமார் 8,700 கிலோமீட்டர். நடுவில் வெற்றிடம். நீண்ட தூரத்தில் நிற்கும் இரண்டு டிஷ்கள் நுண்ணிய விவரத்தை மட்டும் காட்டும், பக்கத்துப் பக்கத்து டிஷ்கள் பரந்த உருவத்தை மட்டும் காட்டும், நடுத்தரத் தூரம் இல்லாவிட்டால் படத்தில் ஓட்டை விழும். குன்டுன்சே எஃபெல்ஸ்பெர்க்கிலிருந்து ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர், ஹார்டிபீஸ்ட்ஹூக்கிலிருந்து ஏறக்குறைய 4,600. கிட்டத்தட்ட நட்டநடு. போதாததற்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஆறு டிகிரிகூட இல்லை. வடவானமும் தென்வானமும் ஏறக்குறைய முழுதாகவே அங்கிருந்து தெரியும். இந்த இடத்தை ஜெர்மனியோ நெதர்லாந்தோ பணம் கொட்டினாலும் உருவாக்க முடியாது. வலைப்பின்னலில் கானா கையேந்தி நிற்கவில்லை. கானாவிடம் மற்றவர்கள் கேட்டு நிற்கும் நிலை இது.

நட்சத்திரம் சோறு போடுமா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. பூமியின் சுழற்சி சீராக இல்லை. ஒரு நாளின் நீளம் மில்லிநொடிக் கணக்கில் கூடும், குறையும். நிலநடுக்கோட்டில் ஒரு மில்லிநொடிப் பிசகு என்பது தரையில் சுமார் 46 சென்டிமீட்டர். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் இதைத் தாமாகவே கண்டுபிடிக்க முடியாது, அவையே பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வெகுதொலைவில் அசையாமல் நிற்கும் குவாசர் என்னும் விண்பொருள்களைப் பார்த்து, பூமி எவ்வளவு திரும்பியது என்று துல்லியமாகச் சொல்லும் வழி விஎல்பிஐ ஒன்றுதான். கண்டங்கள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்வதும் இப்படித்தான் அளக்கப்பட்டது. நில அளவைக்கும் கடல்மட்டக் கணக்குக்கும் இந்த அளவீடு அடிப்படை என்பதால்தான் 2015-இல் ஐ.நா. பொதுச்சபை உலகளாவிய புவி அளவீட்டுச் சட்டகம் குறித்துத் தீர்மானமே போட்டது. 2008 அக்டோபரில் ஹார்டிபீஸ்ட்ஹூக் டிஷ்ஷின் ஒரு பேரிங் உடைந்தது. 2010-இல்தான் அந்த டிஷ் வேலைக்குத் திரும்பியது. ஒரு கண்டம் ஒரே டிஷ்ஷை நம்பியிருந்தால் இதுதான் கதி. குன்டுன்சே இன்றைக்கே புவி அளவீட்டு வேலை செய்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆப்பிரிக்க நிலையங்கள் பெருக வேண்டும் என்பதற்கு இந்தக் காரணமும் உண்டு என்கிறேன்.

விண்வெளித் தொலைநோக்கி வாதத்துக்கு அதிகம் மை செலவழிக்கத் தேவையில்லை. ஜேம்ஸ் வெப் பார்ப்பது அகச்சிவப்பு ஒளி. ரேடியோ அலை அதன் கண்ணுக்கே தெரியாது. ரேடியோ அலை மேகத்தையும் காற்றையும் தாண்டித் தரைக்கு வந்துவிடும், வெப்பின் கண்ணாடி ஆறரை மீட்டர், குன்டுன்சே டிஷ் 32 மீட்டர். மாட்டு வைத்தியரிடம் போய் உங்களுக்கு ஏன் பல் பிடுங்கத் தெரியவில்லை என்று கேட்பதற்குமுன் இரண்டும் வேறு தொழில் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது பணம். மருத்துவமனைக்குப் போக வேண்டிய பணத்தை எடுத்து டிஷ்ஷில் கொட்டினார்கள் என்பது கட்டுரையின் அடிநாதம். டிஷ்ஷை மாற்றியமைக்க வந்த பணத்தில் முக்கியப் பங்கு தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்க மறுமலர்ச்சி நிதியிலிருந்து வந்தது. ஆட்களைப் பழக்கும் வேலைக்கு பிரிட்டனின் நியூட்டன் நிதியில் தாரா என்ற பயிற்சித் திட்டம் வந்தது, கானா, கென்யா, ஜாம்பியா முதலிய நாட்டு மாணவர்கள் அதில் படித்தார்கள். இந்தத் திட்டம் இல்லாவிட்டால் அந்தப் பணம் கானாவின் குமாசி நகர மருத்துவமனைக்குப் படுக்கை வாங்கப் போயிருக்காது. பிரிட்டோரியாவிலும் லண்டனிலுமே தங்கியிருக்கும். அக்ராவின் கருவூலத்தில் இருந்து எடுத்ததாகக் காட்ட அவர் ஒரு எண்ணையும் தரவில்லை. தந்திருந்தால் அதைப் பற்றிப் பேசலாம்.

பசி தீரட்டும், பிறகு வானியல் என்ற வாதத்தை 1965-இல் இந்தியாவில் வைத்துப் பாருங்கள். மழை பொய்த்த வருடம். பாகிஸ்தானோடு போர். அமெரிக்காவிலிருந்து பிஎல்-480 கோதுமைக் கப்பல் வந்தால்தான் ரேஷன் கடை திறக்கும். அந்த வருடம்தான் கல்யாண் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. அந்தக் கையோடு ஸ்வரூப்பின் குழு உதகை அருகே முத்தோரையில் ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்தது. சரிவின் சாய்வு சுமார் 11 டிகிரி. அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவே. சரிவின்மேல் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தொலைநோக்கியை வடக்கு தெற்காகப் படுக்க வைத்தால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். ஒரே பக்கமாகச் சுழற்றினால் போதும், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். 1970-இல் அது இயங்கியது. இங்கேயே வரைந்தது, இங்கேயே செய்தது. சோற்றுக்கு வரிசையில் நின்ற நாடு செய்த வேலை. அதில் பழகியவர்கள் பிறகு புணே அருகே 45 மீட்டர் டிஷ்கள் முப்பதை எழுப்பினார்கள். 2023 ஜூனில் ஈர்ப்பலைகளின் பின்னணி முழக்கத்துக்கான சான்றை ஐரோப்பிய வானியலாளர்களோடு சேர்ந்து அறிவித்த இந்தியக் குழுவின் தரவு அந்த டிஷ்களில் எடுத்ததுதான். இந்த வரிசையில் முதல் படி, 6 அடி பழைய டிஷ்.

கட்டுரையாளருக்குத் தெரியாத இன்னொன்று. 1970-களின் இறுதியில் இதே ஸ்வரூப், உதகையின் வடிவத்திலேயே, அதைவிடப் பல மடங்கு பெரிய ஒரு தொலைநோக்கியை நிலநடுக்கோட்டில் வளரும் நாடுகள் கூடிக் கட்ட வேண்டும் என்று முன்மொழிந்தார். இடமாகச் சொன்னவற்றில் ஒன்று கென்யா. கைகூடவில்லை. ஆப்பிரிக்க மண்ணில் ரேடியோ வானியல் என்பது வெள்ளைக்காரன் விற்ற கனவு என்கிறவர், உதகையிலிருந்து போன அந்தத் திட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்?

கானாவின் நிலையத்தில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. அந்தக் குறைகளைக் கட்டுரையாளர் கேட்டிருந்தால் நானும் சேர்ந்து கேட்டிருப்பேன். திறப்பு விழாவுக்கு வந்த கவனம் வருடாந்தரப் பராமரிப்புக்கு வருவதில்லை. லொங்கொனோட், ம்வெம்பேஷி, அரிவோனிமாமோ டிஷ்களை மாற்றும் வேலை குன்டுன்சேயின் வேகத்தில் நகரவில்லை. ஒரு நிலையம் மட்டும் இருந்தால் அதை வலைப்பின்னல் என்று அழைப்பதில் அர்த்தமில்லை. சுற்றிலும் ஊர் பெருகி, செல்போன் கோபுரங்கள் பெருகினால் டிஷ்ஷின் காதில் இரைச்சல்தான் விழும். அதற்குக் கானா அரசு அலைவரிசைப் பாதுகாப்பைக் கறாராக வைக்க வேண்டும். பயிற்சி பெற்ற பிள்ளைகளுக்கு உள்நாட்டில் வேலை இல்லையென்றால் அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள். இவையெல்லாம் நியாயமான கேள்விகள். இவை எல்லாவற்றுக்கும் விடை, நிலையத்துக்கு இன்னும் ஒழுங்காகச் செலவு செய்யுங்கள் என்பதே. மூடுங்கள் என்பது எந்தக் கேள்விக்கும் விடையாகாது. அதனால்தான் அவர் இந்தப் பக்கமே திரும்பவில்லை.

கடைசியாக அந்த 1,250 கோடி. மத்திய அமைச்சரவை 2023 இறுதியில் ஒப்புதல் தந்த தொகை அது, ஏழு ஆண்டுகளுக்குப் பிரித்தது. ஆண்டுக்கு 180 கோடிக்கும் குறைவு. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எழும் ஸ்கா தொலைநோக்கிகளை இயக்கும் கட்டுப்பாட்டு மென்பொருளை உருவாக்குவதை முன்னின்று நடத்துவது புணேயின் வானியலாளர்களும் இந்திய நிறுவனங்களும். பணத்தைத் தூக்கி வெளிநாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதுவதற்குமுன் இதை ஒரு முறை சரிபார்த்திருக்கலாம், பத்து நிமிட வேலை.

கட்டுரையாளருக்கு ஒரே ஒரு கேள்வி. குன்டுன்சே நிலையத்தை நாளையே இழுத்து மூடினால் கானாவின் கருவூலத்துக்கு மிச்சமாகும் தொகை எவ்வளவு, அது எந்த ஊரின் எந்த மருத்துவமனைக்குப் போகும்? இதற்கு எண்ணோடு பதில் எழுதட்டும். ஆசிரியர் அடுத்த இதழில் இடம் ஒதுக்கித் தர வேண்டுகிறேன்.